ஏமியோட பாவச் சீட்டு

எங்க கிளாஸ்ல ஒரு சட்டம் இருக்கு. முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போற பிள்ளைங்க அவங்கவங்க பாவத்த ஒரு சீட்டுல எழுதி, நாலா மடிச்சு, கையில வச்சுக்கணும். உள்ள போனதும் பதட்டத்துல மறந்துடுவாங்க, அதுக்காகத்தான். ஃபாதர்கிட்ட படிச்சுச் சொல்லிட்டு வெளிய வந்தா, மாதா சிலை இருக்கற கெபிக்குப் பின்னால நான் ஒரு மைலோ டின்ன வச்சிருப்பேன். சீட்டக் கிழிச்சு அதுல போடணும். எல்லாரும் முடிச்சப்புறம் நான் கொளுத்திடுவேன். ஒருத்தர் சீட்ட இன்னொருத்தர் படிக்கக் கூடாது. நானும் படிக்கக் கூடாது. பதினோரு வருஷமா படிச்சதில்ல. போன மே மாசம் ஒண்ணப் படிச்சேன்.

என் பேரு பெர்னிஸ். வயசு முப்பத்தெட்டு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் கிள்ளான்ல ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல டாக்குமென்ட் பாக்கற வேல. ஞாயித்துக்கிழமையில ப்ரிக்ஃபீல்ட்ஸ்ல தமிழ்ப் பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி. பிள்ளைங்க முதுகுக்குப் பின்னால எனக்குக் 'கஸ்டம்ஸ்'னு பேரு வச்சிருக்குங்க. எதையும் லேசுல விடமாட்டேனாம். நான் ஒண்ணும் இளகின மனசுக்காரி இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். சீட்டுல இருந்தத எப்படி வெளிய சொல்றன்னு கேப்பீங்க. ஏமிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

ஏமிக்கு ஒம்பது வயசு. அம்மா செசிலியாவுக்கு ஒரு ஹோட்டல் லாண்டரியில வேல. அப்பா இருக்காரு, எங்கன்னு கேக்காதீங்க. தாயும் மகளும் ஒரு ஃப்ளாட்ல பதிமூணாவது மாடி. எந்த ஃப்ளாட்னு சொல்லி என்ன ஆகப்போகுது, அந்தப் பக்கம் பாதி ஃப்ளாட் அப்படித்தான். ரெண்டு லிஃப்ட் இருக்கும், ஒண்ணு ஓடாது, இன்னொண்ணு ஓடற மாதிரி நடிக்கும்.

வருஷ ஆரம்பத்துல ஒருநாள் மத்தியானம் ஸ்கூல் வேன் இறக்கி விட்டதும் ஏமி தனியா லிஃப்ட்ல ஏறியிருக்கா. எட்டாவது மாடியத் தாண்டினதும் ஒரு குலுக்கு குலுக்கி நின்னுடுச்சு. லைட்டும் போயிடுச்சு. மணி பட்டன அழுத்தினா சத்தமே வரல. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் கழிச்சுத்தான் ஆளுங்க வந்து கதவ நெம்பித் தொறந்தாங்க. அதுக்கப்புறம் அவ லிஃப்ட் பக்கமே போகல. போக பதிமூணு மாடி, வர பதிமூணு மாடி. செசிலியாவுக்கு முட்டி வலி, கூட ஏற முடியாது.

உடம்புக்கு நல்லதுதானேன்னு விட்டிருக்கலாம். ஆனா ஆறாவது மாடிப் படிக்கட்டுல லைட் கிடையாது. போதைக்குப் பசை மோந்துக்கிட்டு உக்காந்திருக்கறவனுங்க அங்கதான் உக்காருவானுங்க. ஒருநாள் அதுல ஒருத்தன் ஏமியோட பேக்கப் பிடிச்சு இழுத்துட்டான். இவ பேக்க விட்டுட்டு ஓடி வந்துட்டா.

அந்த வாரம் செசிலியா ஷிஃப்ட் மாத்திக்கிட்டு ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்தாங்க. பூசை முடிஞ்சதும் என்னையப் பிடிச்சாங்க.

"டீச்சர், இவ லிஃப்ட்ல ஏறலன்னா நான் பந்திங்ல என் நாத்தனார் வீட்டுல விட்டுடப் போறேன். புஷ்பவல்லிக்கு தரை வீடு. படியும் இல்ல, லிஃப்டும் இல்ல. ஸ்கூல் மாத்தற ஃபார்ம் கூட வாங்கி வச்சுட்டேன்."

"நீங்க?"

"நான் எங்க போறது. வேல இங்கதானே. மாசத்துக்கு ரெண்டு தடவ பஸ் ஏறிப் போய்ப் பாப்பேன்."

ஏமி பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தா. அம்மாவோட ஹேண்ட்பேக் வாரப் பிடிச்சு விரல்ல சுத்திக்கிட்டே இருந்தா. விரல் நுனி வெளுத்துப் போச்சு.

"புது நன்மை வரைக்கும் டைம் குடுக்கறேன்" என்றாங்க செசிலியா, பிள்ளைங்க மொத தடவ நற்கருணை வாங்கற நாளச் சொல்லி. "ஜூன் மாசம். நீங்க கொஞ்சம் பேசுங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பா."

எனக்குத் தெரிஞ்ச மருந்து மூணு. வசனம், ஜெபம், ஸ்டார். அஞ்ச வேண்டாம்னு சொல்ற வசனம் ஒண்ண மனப்பாடம் பண்ண வச்சேன். பயம் வந்தா சிலுவை போட்டு ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னேன். அப்புறம் ஒரு பெரிய அட்டையில எல்லார் பேரையும் எழுதி, மேல 'இந்த வாரம் நான் பயப்படவில்லை'ன்னு எழுதி கிளாஸ் செவுத்துல ஒட்டினேன். ஜோனத்தனுக்கு நாய் பயம், டேரனுக்கு இருட்டு, ஏமிக்கு லிஃப்ட். ஜெயிச்ச வாரத்துக்கு ஒரு தங்கக் கலர் ஸ்டார். சும்மா சொல்லக் கூடாது, அட்டை பாக்க அழகாத்தான் இருந்துச்சு.

அதோட விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. ஒரு ஞாயித்துக்கிழமை நல்ல மழை. கிளாஸ்ல ஒரே கூச்சல், ஃபேன் வேற கடகடன்னு ஆடுது. டேரன் கேட்டான்.

"டீச்சர், பயந்துட்டா என்ன ஆகும்?"

நான் போர்டுல எழுதிக்கிட்டு இருந்தேன். திரும்பிக் கூட பாக்கல. "பயந்தா யேசு மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். நம்பிக்கை இல்லன்னா அது பாவம்"னேன். கிளாஸ் கப்புனு அடங்கிடுச்சு. பரவால்லயே, வேல செய்யுதேன்னு நெனச்சுக்கிட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஏமி வந்து மேசைகிட்ட நின்னா. "ஏறினேன் டீச்சர்"னா. ஸ்டார் ஒட்டினேன். அதுக்கடுத்த வாரமும் ஏறினேன்னா. ஒம்பது வாரம், ஒம்பது ஸ்டார். பாவம் ஜோனத்தனுக்கு மூணுதான். நான் செசிலியாவுக்கு ஃபோன் போட்டு, உங்க மக ஜெயிச்சுட்டானு சொன்னேன். செசிலியாவுக்கு புதன்கிழமை ஒருநாள்தான் லீவு. அன்னிக்கு ஏமி ஸ்கூல் விட்டு வரும்போது அவங்க உள்ள சமைச்சுக்கிட்டு இருப்பாங்க. மத்த நாள் மக வீட்டுக்கு வந்தப்புறம்தான் அம்மா வருவாங்க. ஞாயித்துக்கிழமை ஏமிய கூட்டிட்டு வர்றது சர்ச் வேன். ரெண்டு பேரும் சேந்து கீழ இறங்கறதே அபூர்வம். லிஃப்ட்ல வந்தாளா படியில வந்தாளான்னு கதவுக்கா தெரியும்?

"ஸ்கூல் மாத்தற ஃபார்மக் கிழிச்சுப் போட்டுட்டேன் டீச்சர்" என்றாங்க செசிலியா. ஏமி கையில ஒரு டப்பா நெறைய கறிபாப் பொரிச்சுக் குடுத்து விட்டாங்க. நான் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போய் பெருமையா எல்லாருக்கும் குடுத்தேன்.

முதல் பாவசங்கீர்த்தனம் ஒரு சனிக்கிழமை காலையில. எங்க பாவசங்கீர்த்தனப் பெட்டி பழைய காலத்துப் பெட்டி, கனமான மரம், ஆள் ஒருத்தர் முழங்கால் போட்டா அதோட சரி. கதவச் சாத்தினா உள்ள கும்மிருட்டு. முழங்கால் போட்டதும் கதவுக்கு மேல ஒரு செவப்பு லைட் எரியும், எந்திரிச்சா அணையும். பதினோரு வருஷமா அதுக்குள்ள பிள்ளைங்கள அனுப்பியிருக்கேன். அது பாக்க எப்படி இருக்குன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல.

ஏமி வரிசையில மூணாவதா நின்னா. கொஞ்ச நேரத்துல பாத்தா கடைசில நிக்கறா. கண்ணு அந்த லைட்டுலயே இருக்கு. லைட் எரியுது, அணையுது, கதவு தொறக்குது, ஒரு பிள்ள வெளிய வருது, இன்னொண்ணு உள்ள போகுது, கதவு சாத்துது. அவ முறை வந்தப்ப கதவுகிட்ட நின்னுட்டா.

"போம்மா, ஃபாதர் கடிக்க மாட்டாரு"னு சொல்லி முதுகுல லேசா கை வச்சு உள்ள விட்டேன். கதவ நான்தான் சாத்தினேன்.

உள்ள இருந்து சத்தமே வரல. திடீர்னு கதவ முட்டித் தள்ளிட்டு வெளிய வந்தா, ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு. சர்ச்சுக்குள்ள கத்தக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். அப்படியே பக்கத்துக் கதவு வழியா கெபிப் பக்கம் ஓடிட்டா. சீட்டு கீழ விழுந்து கெடந்துச்சு.

யாரோடதுன்னு பாக்கத்தான் பிரிச்சேன்னு சொன்னா பொய். யாரோடதுன்னு எனக்குத் தெரியும்.

பென்சில்ல எழுதியிருந்தா. 'லிஃப்ட்டில் ஏறினேன் என்று டீச்சரிடம் பொய் சொன்னேன், 9 முறை. அம்மா பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குக் கூப்பிட்டபோது வயிற்று வலி என்று பொய் சொன்னேன், 2 முறை.' அதுக்குக் கீழ, 'பயந்தேன்'னு ஒரே வார்த்தை. அதுக்குப் பக்கத்துல கோடு கோடா போட்டு, அஞ்சஞ்சா அடிச்சு, எண்ணினா எழுபத்தி மூணு. எல்லாம் ஆறாவது மாடிக் கணக்குனு அப்புறம் ஏமியே சொன்னா. அங்க எவனாவது உக்காந்திருந்தா, போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு. கடைசி வரியில, 'எனக்கு யேசுமேல் நம்பிக்கை இல்லை'னு எழுதியிருந்தா.

எனக்கு அசிங்கமா இருந்துச்சு. வேற வார்த்தை தேடிப் பாத்தேன், கிடைக்கல. அந்தப் பிள்ள அந்த இருட்டுல ஓடி வந்துட்டு, வந்து பாவம்னு கோடு போட்டிருக்கா. கோடு போடச் சொன்னது நான்.

நான் பெட்டிக்குள்ள போய் முழங்கால் போட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் வாலண்டைன்.

"ஃபாதர், ஒரு பிள்ளையோட சீட்டப் படிச்சுட்டேன். அதோட, இல்லாத பாவம் ஒண்ண உண்டாக்கிப் பிள்ளைங்க தலையில கட்டிட்டேன். பயந்தா பாவம்னு சொல்லிக் குடுத்துட்டேன்."

அவர் வலைகிட்ட குனிஞ்சாரு. "இப்ப வெளிய ஓடின பிள்ளையா?"

"ஆமா ஃபாதர். அவ லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட பிள்ள. இந்தப் பெட்டியும் லிஃப்ட் மாதிரிதான் இருக்கு."

"சீட்டுல இருந்தத யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவங்க அம்மாகிட்டயும். கிளாஸ்ல சொன்னத அந்தக் கிளாஸ்லயே திருப்பி வாங்கிக்கோங்க. அதுதான் உங்களுக்குப் பரிகாரம்." எனக்குப் பாவ மன்னிப்புக் குடுத்துட்டு, அவர் கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வந்தாரு. பின்னால அடுக்கி வச்சிருந்த பிளாஸ்டிக் நாக்காலியில ஒண்ணத் தூக்கிக்கிட்டு கெபிப் பக்கம் நடந்தாரு.

நான் முன்னால ஓடி ஏமிகிட்ட சீட்டக் குடுத்தேன்.

"படிச்சீங்களா டீச்சர்?"

"படிச்சேன். தப்புதான். மன்னிச்சுக்கோ."

அவ என்னைய நிமிந்து பாத்தா. ஃபாதர் வெயில்ல நாக்காலியப் போட்டு உக்காந்தாரு, இவ பக்கத்துல நின்னு படிச்சா. நான் காது கேக்காத தூரத்துக்குப் போயிட்டேன். முடிச்சுட்டு வந்து சீட்டக் கிழிச்சு டின்ல போட்டா. ரொம்பச் சின்னச் சின்னதா கிழிச்சிருந்தா.

அன்னிக்கு நாள் முழுக்க எனக்கு ஒரே யோசனை. செசிலியாகிட்ட சொல்லக் கூடாது. சொல்லாம விட்டா, இவ திங்கக்கிழமையும் அந்த ஆறாவது மாடியத் தாண்டித்தான் போவா. சொன்னா, நம்பி எழுதின பிள்ளைய நானே காட்டிக் குடுத்தவ ஆயிடுவேன், அவ பந்திங் பஸ்ல உக்காந்திருப்பா. கஸ்டம்ஸ்னு பேரு வாங்கி என்ன பிரயோஜனம்.

ஞாயித்துக்கிழமை கிளாஸுக்குப் போனதும் மொத வேலையா அந்த அட்டையக் கழட்டினேன்.

"பயந்தா பாவம்னு டீச்சர் சொன்னேன். அது தப்பு. நான் யோசிக்காம சொன்னது. யாரும் அத நம்பாதீங்க."

பிள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிச்சுங்க. கஸ்டம்ஸ் தப்புனு ஒத்துக்கறத அதுங்க பாத்ததே இல்ல.

"பிடிபடப் போற ராத்திரி கெத்சமனி தோட்டத்துல யேசுவே பயந்தாரு"னேன். "வேர்த்து ஊத்தற அளவுக்கு. தனியா இருக்க முடியாம சீடர்கள்ல மூணு பேரக் கூட்டிட்டுப் போனாரு. எனக்குத் துயரமா இருக்கு, என்கூட முழிச்சிருங்கனு கேட்டாரு. ஜெபம் பண்ணிட்டுத் திரும்பி வந்து பாத்தா, மூணு பேரும் தூங்கிட்டானுங்க."

"மூணு பேருமா?" டேரனுக்கு நம்பவே முடியல.

"மூணு பேரும்தான். மூணு தடவ எழுப்பியும் தூங்கிட்டானுங்க."

"என்ன டீச்சர், ஃப்ரெண்டு லா அவங்க."

ஏமி கைய தூக்கினா. பல வாரத்துல அன்னிக்குத்தான் தூக்கினா. "அவங்க முழிச்சிருந்தா யேசுவுக்கு பயம் போயிருக்குமா டீச்சர்?"

இதுக்கு புஸ்தகத்துல பதில் இல்ல. "தெரியல"னேன். "ஆனா தனியா இருந்திருக்க மாட்டாரு."

கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் அவ மட்டும் பேக்க மாட்டிக்கிட்டு நின்னா.

"அம்மாகிட்ட சொல்லணும் டீச்சர். நீங்களும் வரீங்களா?"

"வரேன்."

"சொன்னா என்னைய பந்திங் அனுப்பிடுவாங்க."

"அனுப்பலாம். அத நான் தடுக்க முடியாது ஏமி. கூட நிக்கத்தான் முடியும்."

அவ யோசிச்சா. "புதன்கிழம வாங்க. அம்மா அன்னிக்கு வீட்டுல இருப்பாங்க"னா.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டு கிள்ளான்ல இருந்து கொமியூட்டர் ரயில் பிடிச்சு, பஸ் மாறி, அந்த ஃப்ளாட்டுக்குக் கீழ போய் நின்னேன். டீச்சர் வர்றாங்கன்னு செசிலியா லிஃப்ட்ல இறங்கி வந்து காத்துக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணே முக்காலுக்கு வேன் வந்துச்சு. ஏமி இறங்கினா. லிஃப்டுக்கு முன்னாலயே நின்னு, யூனிஃபார்ம் பாவாடையப் பிடிச்சுக்கிட்டு, ஒரே மூச்சுல சொன்னா.

"அம்மா, நான் ஒருநாள் கூட லிஃப்ட்ல ஏறல. எல்லாம் பொய். தெனமும் படியிலதான் வந்தேன்."

செசிலியா முகம் செத்துப் போச்சு. மொதல்ல மகளப் பாத்தாங்க, அப்புறம் என்னையப் பாத்தாங்க.

"ஆறாவது மாடி வழியாவா?"

"ஓடிடுவேன்மா."

"நீங்கதானே டீச்சர் ஸ்டார் குடுத்தீங்க." சத்தம் போடல அவங்க. போட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். "உங்கள நம்பித்தானே ஃபார்மக் கிழிச்சேன். இத்தன நாளு என் பிள்ள அவனுங்க முன்னாடி தனியா போயிருக்கா."

"என் தப்புதான் செசிலியா. பயந்தா பாவம்னு சொல்லிட்டேன். அதான் அவ உங்ககிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல."

அவங்க மக பக்கம் திரும்பினாங்க. ஹேண்ட்பேக்ல இருந்து ஃபோன எடுத்தாங்க. "புஷ்பவல்லிக்கு அடிக்கறேன். இந்த வாரமே போ. போதும்."

ஏமி அழுதா. அழுதுக்கிட்டே போய் லிஃப்ட் பட்டன அழுத்தினா. கதவு தொறந்துச்சு. உள்ள போகல, வாசல்லயே கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் என்கூட வாங்க"னா.

செசிலியா ஃபோனக் காதுல வச்சபடியே உள்ள ஏறினாங்க. நானும் ஏறினேன். கதவு சாத்துச்சு. ஏமி ஒரு கையால அம்மா கையப் பிடிச்சா, இன்னொரு கையால என் கையப் பிடிச்சா. லிஃப்ட் முனகிக்கிட்டே மேல போச்சு. ரெண்டு, மூணு, நாலு. செசிலியா ஃபோன்ல சிக்னல் போயிடுச்சு, இறக்கி வச்சாங்க. ஏழு வந்தப்ப ஏமியோட நகம் என் உள்ளங்கையில இறங்குச்சு. நான் கண்ண இறுக்க மூடிக்கிட்டு ஜெபம் சொல்ல ஆரம்பிச்சேன். அந்தப் பக்கம் செசிலியாவும் முணுமுணுக்கறது கேட்டுச்சு. எங்களுக்கு அது பழக்கம். ஜெபம்னா கண்ண மூடிடுவோம், பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுப்போம்.

எட்டுல எப்பவும் போல ஒரு குலுக்கு.

"அம்மா, கண்ணத் தொறங்க. டீச்சர், நீங்களும் தொறங்க." குரல் நடுங்குச்சு, ஆனா அதட்டலாத்தான் சொன்னா. "ரெண்டு பேரும் இப்படி மூடிக்கிட்டா, நான் மட்டும் தனியாதானே இருக்கேன்."

தொறந்தேன். எனக்கு முன்னால அந்த முகம், வேர்த்து, ஈரமா, வாயத் தொறந்து மூச்சு வாங்கிக்கிட்டு. அதுக்கப்புறம் நான் ஜெபம் சொல்லல. செசிலியாவும் சொல்லல. ரெண்டு பேரும் கண்ண இமைக்காம அவளையே பாத்துக்கிட்டு நின்னோம். ஒம்பது, பத்து, பதினொண்ணு. அவளும் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே வந்தா. பதிமூணுல கதவு தொறந்துச்சு.

வெளிய வந்ததும் செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டா. செசிலியாவும் முட்டி வலியோட தரையில உக்காந்து அவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. ஃபோன் அடிச்சுச்சு, புஷ்பவல்லிதான். செசிலியா எடுத்தாங்க. "ஒண்ணும் இல்ல, அப்புறம் பேசறேன்"னு சொல்லி வச்சுட்டாங்க.

"இன்னிக்கு நாம இருந்தோம்" என்றாங்க என்னையப் பாத்து. "நாளைக்கு ஒண்ணே முக்காலுக்கு யாரு இருப்பா?"

அந்த நேரத்துல நான் கிள்ளான்ல கப்பல் பேப்பர் பாத்துக்கிட்டு இருப்பேன்.

எதுத்த வீட்டு இராஜம்மா நெத்தியில திருநீறோட, துணி காயப்போட வந்தவங்க, பக்கெட்டோட நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. "நான் கீழ போய்க் கூட்டிட்டு வரேன் லா. வீட்டுல சும்மாதானே இருக்கேன். மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே போயிருப்பேனே"னாங்க.

செசிலியாவும் அக்கம்பக்கத்துல யார்கிட்டயும் சொல்லல, பாருங்க.

ஏமி எந்திரிச்சு, மூக்க யூனிஃபார்ம்ல தொடச்சுக்கிட்டு, இராஜம்மா முன்னால போய் நின்னா.

"ஆன்டி, லிஃப்ட்ல நீங்க சாமி கும்பிடலாம்"னா. "ஆனா கண்ண மூடக் கூடாது."